ஏழு பேரும் வெளியே வந்தாயிற்று

துபாய் போய் வந்தவர்கள் எல்லாரும் கட்டடங்களைப் பற்றி எழுதிவிட்டார்கள். எத்தனை மாடி, எத்தனை லிஃப்ட், மேலே நின்று பார்த்தால் கீழே கார்கள் எப்படித் தெரியும் என்பதெல்லாம் வேண்டுமானால் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போய் வந்தது ஒரு பொந்துக்கு.

அனுப்பி வைத்தது தங்கை வசந்தா. அவள் வீட்டுக்காரர் பாக்கியநாதன் ஷார்ஜாவில் சாரம் கட்டிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் டிரைவர். போய் மூன்று வருஷமாகிறது, ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. போனில் கேட்டால், "மேனேஜர் சொல்லட்டும், வரேன்" என்கிறாராம். இரண்டு வருஷமாக இதே பதில்தான்.

"அங்க வேற எவளாச்சும் கீறாளா, இல்ல நெஜமாவே லீவு கெடைக்கலியா, நீ போய்ப் பாத்துட்டு வாண்ணா" என்றாள் வசந்தா. "கல்யாணத்துக்கு அப்பன் இல்லாம பொண்ண எப்பிடி அனுப்பறது?" வேலை இல்லாத அண்ணன் இருந்தால் இந்த மாதிரிக் காரியத்துக்குத்தான் தோதுப்படுவான். விசிட் விசாவில் கிளம்பினேன்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை பாக்கியநாதன் பதினாலு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். நான் இறங்காதவன். மேலே டைம் ஆபீஸில் இருபத்திரண்டு வருஷம் டோக்கன் கிளார்க்காக உட்கார்ந்திருந்தேன். பலகை நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு பித்தளை டோக்கன். ஆள் டோக்கனை எடுத்துக்கொண்டு கீழே போவான். ஏறி வந்ததும் திருப்பிக் கொடுப்பான், நான் ஆணியில் மாட்டுவேன். ஷிஃப்ட் முடிந்து ஓர் ஆணி காலியாக இருந்தால் அந்த ஆள் இன்னும் பூமிக்குள் இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வரும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு தடவை ஒருவன் டோக்கனை ஜேபியில் போட்டுக்கொண்டு நேராகச் சாராயக்கடைக்குப் போய்விட்டான். அவனுக்காகக் கீழே இரண்டு மணி நேரம் தேடினார்கள். மறுநாள் அவனுக்கு விழுந்த அடியில் பாதி என்னுடையது.

அப்பேர்ப்பட்ட சுரங்கத்தை மூடி நாலு வருஷமாகிவிட்டது. அதனால்தான் மாப்பிள்ளை ஷார்ஜாவிலும் நான் வீட்டுத் திண்ணையிலும் இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தேன். மாப்பிள்ளையின் கேம்ப் ஷார்ஜா தொழில்பேட்டையில், ஒரு கராஜுக்கும் பெயின்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. அறைக்கு ஆறு கட்டில், ஒன்றின்மேல் ஒன்றாக. அறையில் எல்லாரும் தமிழர்கள். திருவாரூர்க்காரர் ஒருவர், கீழக்கரைக்காரர் ஒருவர், மீதிப் பேர் பெரம்பலூர்ப் பக்கம். விருந்தாளி தங்கக்கூடாது என்று விதி இருந்தாலும், கேம்ப்பை நிர்வகிக்கும் பாஸ் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனார். மாப்பிள்ளை தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்.

தலையணைக்கு மேலே சுவரில் வசந்தாவும் மகளும் இருக்கும் போட்டோ மட்டும் ஒட்டியிருந்தது. வேறு எவளும் இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஆறு ஆம்பளைகளின் துணி காயும் அந்த அறைக்கு எவள் வருவாள்?

சாப்பாடு குப்பூஸ். அரபு நாட்டு ரொட்டி. சூடாக இருக்கும்போது தின்னலாம். ஆறினால் அதைக்கொண்டு ஜன்னல் அடைக்கலாம். கேம்ப்பில் அதைப் பருப்புக் குழம்பில் முக்கித் தின்கிறார்கள், சனி முதல் வியாழன் மத்தியானம் வரை. வியாழக்கிழமை சாயங்காலம் மலையாளி ஹோட்டலில் பரோட்டா. அதைத்தான் வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரோட்டா நன்றாக இருந்ததை மறுக்க மாட்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மாப்பிள்ளை விடிவதற்கு முன்னே டூட்டிக்குப் போய், நான் அசந்த பிறகு வந்தார். பேச நேரமே கிடைக்கவில்லை. திருவாரூர்க்காரர் ஒரு நாள் என்னைத் தங்கக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனார். கொடியில் துணி தொங்குகிற மாதிரி தங்கம் தொங்குகிறது. நம்மவர்கள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் ஊரில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழத்துக்கு இறங்கி, பாறை சுட, உடம்பெல்லாம் வேர்வை ஊற்ற, ஒரு டன் கல்லை உடைத்தால் கடுகளவு கிடைக்கும். அந்தக் கடுகை என் ஜன்மத்தில் நான் தொட்டதில்லை. இங்கே ஒரு குட்டிப் பையன் ஐஸ்க்ரீம் கையோடு அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழம லீவுதானே, அன்னிக்கு உக்காந்து பேசலாம் மாப்ள" என்றேன்.

"வெள்ளிக்கிழம டூட்டி கீது மச்சான்."

"லீவு நாள்ல இன்னா டூட்டி?"

"சாருக்கு கிளப்பு."

சார் என்பவர் கிரஹாம். இங்கிலாந்துக்காரர். கம்பெனியின் சேஃப்டி மேனேஜர், டிரைவர்களுக்கும் அவர்தான் பெரியவர். குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் அவரும் அவருடைய சங்கத்தாரும் குகை பார்க்கப் போவார்களாம். வண்டி கம்பெனியுடையது, ஓட்டுவது மாப்பிள்ளை. இந்த வாரம் மலையில் ஒரு பழைய செம்புச் சுரங்கம். நானும் வருவதற்கு மாப்பிள்ளை கேட்டு வைத்திருந்தார். ஊரில் சுரங்கம் மூடியதால் பிழைக்கப் போனவரைப் பார்க்கப் போய், அவரோடு இன்னொரு மூடிய சுரங்கத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஷார்ஜா ஓரத்தில் முவைலாவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் சங்கம் கூடியது. மொத்தம் ஏழு பேர். கிரஹாம், சங்கத்தின் செயலாளரான மார்யா என்ற டச்சுக்கார டீச்சரம்மாள், பேர் சொல்லியும் எனக்கு நிற்காத நாலு வெள்ளைக்காரர்கள், ரமேஷ் என்ற சென்னைக்காரர். ரமேஷுக்கு பேங்க்கில் பெரிய வேலை. நான் தமிழில் வணக்கம் சொன்னேன். அவர் இங்கிலீஷில் "ஹாய்" என்றார். அதோடு எங்கள் தமிழ் உறவு முடிந்தது.

எல்லார் தலையிலும் விளக்கு வைத்த ஹெல்மெட். முழங்காலுக்கு மெத்தை, முழங்கைக்கு மெத்தை, இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி இரும்பு வளையங்கள். எங்கள் ஊரில் இதில் பாதி இருந்திருந்தால் இன்றைக்குப் பல பேருக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். வண்டியின் பின்னால் கயிறு, தண்ணீர், சாண்ட்விச் பெட்டிகள், கிரஹாமின் கேமராப் பை.

ஹத்தா என்ற மலையூர் தாண்டி மலைக்குள் போனோம். வழியில் கொஞ்ச தூரம் ஓமானாம், மறுபடி எமிரேட்ஸாம். யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. சங்கத்தார் முன்னால் வேறு வண்டியில்; எங்கள் வண்டியில் மாப்பிள்ளையும் நானும் சாமான்களும் மட்டும்தான். மூன்று நாள் காத்திருந்த பேச்சை அங்கேதான் ஆரம்பித்தேன்.

"மாப்ள, லீவு கேட்டீங்களா இல்லியா?"

"கேட்டேன் மச்சான்."

"எப்போ?"

"அது ஆவுது ரெண்டு வருசம். அஜ்மான் சைட்ல தண்ணி டேங்க்கு பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. கேட்டேன். 'வெயிட் பண்ணு, நானே சொல்றேன்'னாரு."

"அப்புறம்?"

"வெயிட் பண்றேன்."

"மறுபடி கேக்கவே இல்லியா?"

"அவருதான் சொல்றேன்னாரே. பெரியவரு வாயால சொன்னப்புறம் இன்னொருவாட்டி போய்க் கேட்டா நம்பலன்னு நெனச்சிக்குவாரு மச்சான்."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கியிருப்பேன். பொண்டாட்டி அங்கே எவளோ இருக்கிறாள் என்று அழுகிறாள், மகள் கல்யாணப் பத்திரிகையில் அப்பன் பேரைப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிறார்கள், இந்த மனுஷன் இரண்டு வருஷமாகத் தண்ணி டேங்க் பக்கத்திலேயே நிற்கிறார். "உங்களுக்குப் போய் வக்காலத்து வாங்கினு வந்தேன் பாருங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் அவரோடு பேசவில்லை.

தார் ரோடு முடிந்து கூழாங்கல் ஓடை வந்தது. முன்னால் போன வண்டியில் கிரஹாம், வழி காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, தானே ஓட்டினார். கருவி காட்டிய வழியில் போய் ஓர் ஆட்டுப்பட்டிக்குள் வண்டியின் மூக்கை நுழைத்தார். பின்னால் எடுத்தபோது சக்கரம் கூழாங்கல்லில் அச்சுவரை புதைந்தது. ஏழு பேரும் இறங்கிச் சுற்றி நின்று விவாதித்தார்கள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் டயரில் காற்றைக் குறைத்து, தரைவிரிப்பை உருவிச் சக்கரத்துக்கடியில் போட்டு, ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் வெளியே எடுத்தார். "நேத்தன் கெட்டிக்காரன்!" என்று கைதட்டினார்கள். பாக்கியநாதன் என்ற பேரை மூன்று வருஷத்தில் அவர்களால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

ஆட்டுப்பட்டிக்காரர் ஒரு கிழவர், தலையில் துணி சுற்றி, கையில் மெல்லிய கம்போடு வந்தார். உடைந்த இந்தி அவருக்குத் தெரிந்தது, அதைவிட உடைந்த இந்தி எனக்கு. சுரங்கம் இதோ இந்த மேட்டுக்குப் பின்னால் என்று காட்டினார். "உள்ளே என்ன இருக்கிறது, பாய்?" என்று கேட்டார்.

"ஒன்றும் இல்லை."

"பிறகு எதற்குப் போகிறார்கள்?"

"பார்க்கத்தான்."

அவர் ஏழு பேரையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்தார். "பீவி பச்சே இல்லையா?" என்றார். பெண்டாட்டி பிள்ளை இல்லையா என்று அர்த்தம்.

சுரங்கம் என்று அவர்கள் சொன்னது பாறையில் குனிந்து நுழைகிற ஒரு வாய். வெளியே செம்பு உருக்கிக் கொட்டிய கறுப்புக் கசடு, பாறைச் சந்தில் பச்சைக் கறை. எங்கள் ஊரில் பொம்பளைகள் ஒதுங்கப் போகிற பள்ளம்கூட இதைவிட ஆழம். அதன்முன் நின்று சங்கத்தார் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அப்புறம் மார்யா ஓர் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் சும்மா நிற்பதைப் பார்த்து, எனக்குப் பாடம் எடுக்கலாம் என்று தோன்றியிருக்கிறது.

"இதுதான் எங்கள் சங்கத்தின் முதல் விதி" என்றார் இங்கிலீஷில். "பட்டியலில் பெயர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. திரும்பி வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு டிக். எல்லா டிக்கும் விழாமல் யாரும் கிளம்பக் கூடாது. எளிமையானது. ஆனால் உயிரைக் காப்பது."

இருபத்திரண்டு வருஷம் அதையே சோறாகத் தின்றவனிடம் சொல்கிறார். "வெரி குட், மேடம்" என்றேன்.

காகிதத்தைப் பார்த்தேன். ஏழு பேர். எண்ணுவது என் கண்ணுக்குப் பழக்கம், நான் சொல்லாமலே எண்ணிவிடும். மேட்டில் மாப்பிள்ளை கயிற்றையும் தண்ணீர் கேனையும் கேமராப் பையையும் தூக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அவரும் உள்ளே போகிறார் என்றால் எட்டு.

"டிரைவர் பெயர்?" என்றேன்.

"ஓ, நேத்தன் குகை பார்க்க வரவில்லை. சாமான்களைக் கொண்டுவந்து வைப்பதற்கு மட்டும்தான்."

எங்கள் ஊரில் சாமான் தூக்குகிறவனுக்கும் டோக்கன் உண்டு. உள்ளே கால் வைத்த நாய்க்கும் டோக்கன் போடலாமா என்று நாங்கள் தமாஷ் பேசியதுண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மேடம், இன்னொரு பெயர் எழுதுங்கள் என்றால் முடிந்தது. ஆனால் நான் மாப்பிள்ளைமேல் கோபமாக இருந்தேன். அதோடு, வெள்ளைக்காரர்களின் விதி எவ்வளவு லட்சணம் பாருங்கள் என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வது எனக்குச் சுகமாக இருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு நல்ல கதை கிடைத்தது என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அவர்கள் உள்ளே போனார்கள். கடைசியாக மாப்பிள்ளை, கையில் ஒரு டார்ச்சோடு. குனிவதற்குமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிழவர் இலந்தை மரத்தடியில் எனக்குப் பேரீச்சம்பழமும் சின்னக் கிண்ணத்தில் காப்பியும் கொடுத்தார். காப்பி என்றால் நம் காப்பி இல்லை. ஏலக்காய் போட்ட மஞ்சள் கஷாயம், சர்க்கரையும் கிடையாது. பழத்தைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். இந்தப் பயணத்தில் யாரும் விதி பேசாமல் எனக்குக் கொடுத்த ஒரே பண்டம் அது. மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, கேம்ப்பில் விட்ட தூக்கத்தை மரத்தடியில் பிடித்தேன்.

பேச்சுச் சத்தத்தில் விழித்தேன். சங்கத்தார் மலைச்சரிவின் மேல்புறத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே போய்க்கொண்டே இருந்தபோது மேலே வெளிச்சம் தெரிந்ததாம். ஏறிப் பார்த்தால் இன்னொரு வாய். ஏதோ கண்டம் கண்டுபிடித்த மாதிரி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மார்யா அட்டையை எடுத்து டிக் போட்டார். "ஏழு! எல்லாரும் வெளியே!" சாண்ட்விச் பெட்டிகள் திறந்தன. எனக்கும் ஒன்று நீட்டினார்கள். வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி. வெள்ளரிக்காயை ரொட்டிக்குள் ஒளித்துத் தின்ன ஒரு நாகரிகம் வேண்டியிருக்கிறது.

பாதி ரொட்டி தின்ற பிறகு கிரஹாம் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் கேமராப் பை எங்கே?"

ஆளாளுக்குத் தேடினார்கள். வண்டிக்குள், வண்டிக்கடியில், பாறைக்குப் பின்னால். "நேத்தன் வண்டியில் வைத்திருப்பான்" என்றார் ஒருவர். வண்டியில் பை இல்லை. "நேத்தன் எங்கே?" என்று அப்போதுதான் கேட்டார்கள். "ஒதுங்கப் போயிருப்பான்" என்றார் ரமேஷ்.

ரொட்டியைக் கீழே வைத்தேன். "அவரை எங்கே விட்டீர்கள்?" என்றேன்.

கிரஹாமின் முகம் மெதுவாக வெளுத்தது. வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், பையோடு அங்கேயே இரு, நாங்கள் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். திரும்பிப் போகவே இல்லை.

"டார்ச் இருக்கிறது அவனிடம்" என்றார் மார்யா.

ரமேஷ் என் பக்கம் வந்தார். முதல் தடவையாகத் தமிழில் பேசினார். "இல்ல சார். என் லைட் அவுட் ஆயிடுச்சு. அவர் டார்ச்சை நான்தான் வாங்கிட்டேன்." இவரிடமிருந்து தமிழ் வர இவ்வளவு ஆக வேண்டியிருந்தது.

"அந்த இடத்தில் குழி ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். உண்டு என்றார் கிரஹாம். வழியின் ஓரத்திலேயே, கிணறு மாதிரி. கல்லைப் போட்டுப் பார்த்தார்களாம், சத்தம் வர நேரமானதாம். அதைச் சந்தோஷமாகப் போட்டோ எடுத்தார்களாம்.

கிழவர் எழுந்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "இரண்டு கதவு உள்ள வீடு" என்றார் இந்தியில். "ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் போனால், உள்ளே விட்டது ஞாபகம் வராது." சுரங்க வாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்து சுரங்கத்தை நோக்கி நடந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் மூன்று தடவைதான் பூமிக்குள் போயிருக்கிறேன். மூன்று தடவையும் விசிட்டர்களோடு, ஆளை இறக்கும் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. எனக்குப் பயம். அதைச் சொல்வதில் என்ன வெட்கம், பயந்துதானே கிளார்க் வேலை வாங்கினேன்.

மார்யா ஓடிவந்து வழிமறித்தார். "மன்னிக்க வேண்டும். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை."

"எழுதுங்கள், மேடம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "என் பெயர் எழுதுங்கள். கிரஹாம் பெயரை மறுபடி எழுதுங்கள். அதற்கு முன்னால் பாக்கியநாதன் என்று எழுதுங்கள். உள்ளே போன நேரம் பத்தேகால். அவர் வரும்வரை யாரும் எங்கேயும் போகக்கூடாது. உங்கள் விதி."

அவர் பேனாவைத் திறந்தார். "எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்றார் மெதுவாக. எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மூன்று வருஷம் அவர்கள் சொல்லாத பேர் முழுசாகக் காகிதத்தில் ஏறியது.

கிரஹாம் முன்னால், நான் பின்னால். யாரோ ஒருவருடைய ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார்கள். குனிந்து, அப்புறம் தவழ்ந்து, அப்புறம் நிமிர்ந்து போனோம். வெளியே இருந்து பார்த்து நான் கேலி செய்த பொந்து உள்ளே போகப் போகப் பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு வளைவு தாண்டியதும் பின்னால் வெளிச்சம் நின்றுவிட்டது. கல் வாசனை. அந்த வாசனையோடு எங்கள் ஊரில் தினம் ஆயிரம் பேர் என் ஜன்னலுக்கு வந்து டோக்கன் நீட்டுவார்கள்.

"நேத்தன்!" என்று கிரஹாம் கத்தினார். பாறை அதைப் பிய்த்துப் பிய்த்துத் திருப்பித் தந்தது. பதில் இல்லை. "நேத்தன்! நேத்தன்!"

"மாப்ளே!" என்று நான் கத்தினேன். "பாக்கியநாதா!" ஒன்றும் இல்லை. கிரஹாமின் விளக்கு ஒரு பக்கம் திரும்பியது. வழியின் ஓரத்தில் குழி தெரிந்தது. விளிம்பில் சரளை புதிதாகச் சரிந்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வசந்தாவிடம் என்ன சொல்வேன்? போய்ப் பார்த்துவிட்டு வா என்றாளே.

அப்போது நான் கத்தியது யோசித்துக் கத்தியதல்ல. ஆணி காலியாக இருக்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்துவேனே, அதே கத்தல்.

"பதினாலு முப்பத்தேழு!"

இருட்டுக்குள்ளிருந்து, பத்தடி தூரத்தில், திடுக்கிட்டு எழுந்த குரல் ஒன்று கேட்டது. "இருக்கேன் சார்!"

மனுஷன் தூங்கியிருக்கிறார். குழிக்கு அந்தப் பக்கம், சுவரோடு முதுகை ஒட்டி, காலை மடக்கி, கேமராப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு. பேருக்கு எழாதவர் டோக்கன் நம்பருக்கு எழுந்துவிட்டார். விளக்குக்குக் கண்ணைச் சுருக்கி, "மச்சான்! நீங்க ஏன் உள்ள வந்தீங்க? உங்களுக்கு ஆவாதே" என்றார்.

"தூங்கறீங்களா?"

"லைட் இல்லன்னா அசையக்கூடாது மச்சான், தெரியாதா? குழி எங்க கீதுன்னு பாத்து வெச்சிருந்தேன். இந்தப் பக்கம் உக்காந்துட்டேன். வருவாங்கன்னு பாத்தேன். கண்ணு அசந்துட்சி."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். கிரஹாம் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை முதல் வேலையாகப் பையைத் தட்டித் துடைத்து கிரஹாமிடம் நீட்டினார். கிரஹாம் அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு, பாறையில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவருடைய ஆபீஸ் சுவர் நிறைய பாதுகாப்புக் கேடயங்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். மார்யா மூன்று டிக் போட்டார். கிழவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "கலாஸ்", முடிந்தது, என்று எழுந்து ஆடுகளைப் பார்க்கப் போனார்.

நான் கிரஹாம் எதிரில் போய் நின்றேன். "சார், இவர் மகளுக்குத் தை மாதம், அதாவது ஜனவரியில் கல்யாணம். லீவு வேண்டும்."

அவர் நிமிர்ந்தார். "மகளா? நேத்தனுக்கு மகள் இருக்கிறாளா? ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?"

"இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார். காத்திரு, நானே சொல்கிறேன் என்றீர்களாம்."

"நானா?" என்றார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "எங்கே?"

"அஜ்மான் சைட், சார். தண்ணி டேங்க் பக்கத்தில்" என்றார் மாப்பிள்ளை. குற்றம் சொல்லும் குரலில்லை. வழி கேட்டவருக்கு அடையாளம் சொல்கிற மாதிரி சொன்னார். கிரஹாமுக்கு ஞாபகம் வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அவர் மார்யாவின் பட்டியலை வாங்கி, பின்பக்கத்தில் ஜனவரி முழுக்க லீவு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, மாப்பிள்ளை கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளையிடம் கொடுத்தால் அதையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று அவருக்கே புரிந்துவிட்டது.

திரும்பும்போது கிரஹாம் ஓட்டவில்லை, வேறொருவர் ஓட்டினார். எங்கள் வண்டியில் மறுபடி நாங்கள் இரண்டு பேர். சங்கத்தையும் அவர்கள் விதியையும் வெள்ளரிக்காயையும் நான் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டே வந்தேன். ஏழு பேருக்குப் பட்டியல் போட்டு எட்டாவது ஆளைக் குழிக்கரையில் உட்கார வைக்கிற கூட்டம், இவர்கள்தான் உலகத்துக்கே பாதுகாப்புச் சொல்லித்தரப் பிறந்தவர்கள், என்று. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஹத்தா ரவுண்டானா தாண்டியதும் கேட்டார்.

"உள்ள போறப்போ அந்த அம்மா உங்ககிட்ட லிஸ்ட்ட காட்டிச்சே மச்சான்."

"ஆமா."

"நீங்க எண்ணியிருப்பீங்க. எண்ணாம இருக்கமாட்டீங்க."

நான் ரோட்டைப் பார்த்தேன். "எண்ணினேன்."

"ஏழுதான் இருந்திச்சா?"

"ஏழுதான்."

அவர் கியர் மாற்றினார். ஒரு லாரியைத் தாண்டினார். மறுபடி கியர் மாற்றினார்.

"சரி" என்றார். "வசந்தாகிட்ட சொல்லாதீங்க. அவ உங்கள சும்மா வுடமாட்டா."

அதற்கப்புறம் சங்கத்தைப் பற்றி நான் பேசவில்லை. சனிக்கிழமை அவரோடு ஆபீஸுக்குப் போய், அந்தக் காகிதம் சரியான மேசைக்குப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் ஊர் திரும்பினேன்.

மாப்பிள்ளை கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து சேர்ந்தார். மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, பெண்வீட்டார் எல்லாரையும் போட்டோவுக்கு மேடையில் நிறுத்தினார்கள். "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டான் போட்டோக்காரன். வந்தாச்சு என்று பத்துப் பேர் சொன்னார்கள். நான் எண்ணினேன். ஒன்று குறைந்தது. பெண்ணின் அப்பாவைக் காணோம்.

பந்திக்குப் பக்கத்தில் நின்று கவனித்துக்கொள்ளுங்கள், கூப்பிடுகிறோம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

மேடையிலிருந்தே கத்தினேன். "பதினாலு முப்பத்தேழு!"

"இருக்கேன் சார்!" என்று சமையற்கட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. கையில் சாம்பார் வாளியோடு ஓடிவந்தார். மண்டபமே சிரித்தது.

"இது இன்னாண்ணா புதுசா, நம்பர் சொல்லிக் கூப்டறது?" என்றாள் வசந்தா.

நான் வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை வாளியை என் கையில் கொடுத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அது எங்க டூட்டி விசயம்" என்றார். "நீ கேமராவப் பாரு."